மணல்மேல் ஒரு நெடுஞ்சாலை

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். "இதெல்லாம் ஒரு கேள்வியா? எல்லாருக்கும்தான்!" மெரினாவில் கால் நனைக்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஆனால் உலகத்தில் எல்லா இடத்திலும் நிலைமை அப்படி இல்லை மக்களே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கடலோர வீட்டுக்காரர், வீட்டுக்கு முன்னால் கிடக்கும் காய்ந்த மணலுக்கும் சேர்த்துப் பட்டா வைத்திருப்பார். 'தனியார் இடம், உள்ளே வராதே' என்று பலகையும் நட்டிருப்பார். கடல் எல்லாருக்கும் பொது, ஆனால் கடலுக்குப் போகிற வழி அவருடையது. அப்புறம் பொதுவாக இருந்து என்ன பயன்?

இந்தத் தொல்லை இல்லாத கரை ஒன்று அதே நாட்டில் உண்டு. அது ஓரிகன் மாநிலம். வடக்கே வாஷிங்டன், தெற்கே கலிஃபோர்னியா, நடுவில் சுமார் 580 கி.மீ. நீளத்துக்குப் பசிபிக் கரை. அதை ஒட்டியே 101-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அக்டோபர் முடிந்தால் போதும், அலாஸ்கா வளைகுடாவில் பிறக்கும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்தக் கரையைச் சாத்தும். நல்ல புத்தி உள்ளவர்கள் அந்த மாதங்களில் ஓட்டல் ஜன்னலுக்கு உள்ளே இருந்து கடலைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் காரின் தலையில் சர்ஃபிங் பலகையைக் கட்டிக்கொண்டு, டிக்கியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள் :-)

அப்படி ஒரு நவம்பர் கடைசியில் கிளம்பிய இரண்டு பேரின் கதை இது. இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். அண்ணன் போர்ட்லேண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஐந்து வருடமாக இந்தக் கரையில் அலையேறிப் பழகியவன். தம்பி, ஒரு செமஸ்டர் படிப்பதற்காக அங்கே வந்த காமர்ஸ் மாணவன். மணப்பாட்டில் நான்கு நாள் பலகையில் நின்று பழகியிருக்கிறான். அந்த நான்கு நாள் அனுபவத்தில் பசிபிக்கை ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தூத்துக்குடிக் கடலை நினைத்துப் பாருங்கள். எதிரே இலங்கை, நடுவில் மன்னார் வளைகுடாத் தீவுகள். பெரும்பாலான நாட்களில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஓரிகனுக்கு எதிரே அப்படி ஒன்றும் இல்லை. நேராகப் போனால் ஜப்பான்தான்.

முதல் நாள்: கப்பல்களின் இடுகாடு

போர்ட்லேண்டிலிருந்து சுமார் 150 கி.மீ. போனால் அஸ்டோரியா. கொலம்பியா நதி கடலில் விழும் இடம். பெரிய நதி முழு வேகத்தில் வெளியே வருகிறது, எதிரே பசிபிக் முழு வேகத்தில் உள்ளே வருகிறது, நடுவில் மணல்திட்டு. இந்த மூன்றும் மோதும் இடத்துக்குப் 'பசிபிக்கின் இடுகாடு' என்றே பெயர். 1792 முதல் சுமார் இரண்டாயிரம் கப்பல்களும் படகுகளும் இந்தப் பகுதியில் போயிருக்கின்றன என்று கணக்குச் சொல்வார்கள். இன்றும் இந்த முகத்துவாரத்தை மட்டும் கடத்திவிடுவதற்கென்றே தனிப் பைலட்டுகள் இருக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும் முதல் இரவு தங்கியது ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவின் முகாமில். அதன் கடற்கரையில் 'பீட்டர் ஐரிடேல்' என்ற நான்கு பாய்மர எஃகுக் கப்பலின் எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து கோதுமை ஏற்றப் போர்ட்லேண்டுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். 1906 அக்டோபர் 25 அன்று காற்றில் தள்ளப்பட்டுக் கரையேறியது. யாரும் சாகவில்லை. ஆனால் கப்பல் திரும்பிப் போகவும் இல்லை. காமர்ஸ் படிப்பவர்கள் மெரைன் இன்சூரன்ஸ் பாடத்தில் 'கடலின் ஆபத்துகள்' என்ற சொல்லை இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்வோமே, அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வரலாம். துருப்பிடித்து, சிப்பி ஒட்டி, உப்புக் காற்றில் நிற்கிறது.

அன்று இரவே மழை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு பேர் தலைமையில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து வந்த குழு, 1805-06 குளிர்காலத்தை இங்கேதான் கழித்தது. அவர்கள் தங்கிய 106 நாட்களில் மழை பெய்யாத நாட்கள் வெறும் 12. இந்த விவரத்தைத் தம்பி அரை ஈரத் தூக்கப்பைக்குள் படுத்தபடி போனில் படித்தான். கூடாரத்துக்கு மேலே போடும் மழைத்துணியைத் தளர்வாகக் கட்டியிருந்தான். அது உள்துணியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் உள்ளே இறங்கும் என்பது இரவு இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. அண்ணன் எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்து ஒரு வார்த்தை பேசாமல் படுத்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தம்பிக்குத் தோன்றியது.

காலையில் டப்பாவிலிருந்து புளியோதரை. பயணத்துக்குப் புளியோதரையைக் கண்டுபிடித்தவருக்கு எந்த நாட்டிலும் சிலை வைக்கலாம்.

இரண்டாம் நாள்: ஒரு சின்னச் சட்டம்

அஸ்டோரியாவுக்குத் தெற்கே சீசைடு. தில்லமூக் ஹெட் என்ற பெரிய மலைமுகட்டுக்கு வடக்கே ஒளிந்துகொண்டிருக்கும் ஊர். குளிர்காலப் புயல்காற்று தெற்கிலிருந்து வரும். அதனால் முகட்டுக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று அடங்கி, அலை ஒழுங்காக எழும். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து வருவதால் அப்படியே தலைகீழ், முகட்டுக்குத் தெற்கே தேட வேண்டும். இந்தக் கரையில் அலை தேடுபவர்களின் பாதி ஞானம் இவ்வளவுதான்.

சீசைடில் முகட்டின் அடியில் உடையும் அலை உலகத்தரமானது. ஆனால் அண்ணன் அங்கே காரை நிறுத்தி, பார்த்துவிட்டு, மறுபடி காரை எடுத்துவிட்டான். அந்த இடம், உள்ளூர் சர்ஃபர்கள் வெளியாட்களை விரட்டுவதற்குப் பேர்போனது. தம்பிக்குக் கோபம். "பொது இடம்தான அண்ணே?" என்றான். "மண்ணு பொதுதாம்ல. மனுசன் பொது இல்ல" என்று அண்ணன் சொல்லிவிட்டு ஓட்டினான்.

அடுத்த ஊர் கேனன் பீச். கரையில் 235 அடி உயரப் பாறை ஒன்று தனியாக நிற்கும். காலண்டரில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் காலண்டரில் வராத சங்கதி ஒன்று இந்த ஊரில் நடந்திருக்கிறது.

101 நெடுஞ்சாலை போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் சாலை என்றால் மணல்தான். தண்ணீர் வடிந்த நேரத்தில் குதிரை வண்டியும் தபாலும் ஈர மணலில்தான் போகும். அதற்கும் முன்னால், கிளாட்சாப், தில்லமூக் முதலான பழங்குடிகள் எத்தனையோ தலைமுறையாக நடந்த வழியும் அதுவே. 1911 முதல் 1915 வரை ஆளுநராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட் என்பவர் இதை வைத்து ஒரு தந்திரம் செய்தார். 'கடற்கரையைக் காப்போம்' என்று பெரிய சட்டம் கொண்டுபோனால் நிலம் வாங்கி விற்பவர்கள் சும்மா விடுவார்களா? அவர் 1913-இல் ஒரு சின்ன மசோதா கொண்டுவந்தார். வடக்கே கொலம்பியா நதி தொடங்கித் தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரை, ஈர மணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை. அவ்வளவுதான். சாலையை யார் எதிர்ப்பார்கள்? நிறைவேறிவிட்டது.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. சட்டம் சொன்னது ஈர மணலை மட்டும். காய்ந்த மணலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐம்பது வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1966-இல் கேனன் பீச்சில் ஒரு மோட்டல் உரிமையாளர் தன் மோட்டலுக்கு முன்னால் உள்ள காய்ந்த மணலை அடைத்து, 'விருந்தினருக்கு மட்டும்' என்று ஆக்கிவிட்டார். ஊர் கொதித்தது. மறு வருடம் சட்டமன்றத்தில் சண்டை. ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதம் ஹெலிகாப்டரில் கடற்கரையில் வந்து இறங்கி, எது வரை பொது, எது தனியார் என்று மணலில் அளந்து காட்ட வைத்தார். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நாள் மாநிலம் முழுக்க அதே பேச்சு. அந்த ஜூலையில், புல் முளைக்கும் எல்லை வரை மணலில் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்ற சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை காமர்ஸ் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மெர்க்கன்டைல் லா பாடத்தில், சட்டத்தின் மூலங்கள் என்ற முதல் பகுதியில், 'வழக்காறு' என்று ஒரு வரி வரும். பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் தாண்டிப்போகிற வரி. நீதிமன்றம் அந்த ஒரு வரியின்மேல்தான் தீர்ப்பைக் கட்டியது. நினைவுக்கெட்டாத காலம் முதல், இடைவிடாமல், சண்டை சச்சரவு இல்லாமல், நியாயமான முறையில் மக்கள் இந்த மணலைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கமே உரிமை. பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: புறம்போக்கு. இன்றைக்கு அது வசவுச் சொல். ஆனால் அதன் பொருள், வரிக் கணக்குக்குப் புறம்பாக, யாருக்கும் பட்டா போடாமல், ஊர்ப் பொதுவுக்கு என்று விட்டுவைத்த நிலம். குளம், மேய்ச்சல், ஆற்றங்கரை, கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். ஓரிகன்காரர்கள் நீதிமன்றம் போய்ச் சண்டை போட்டு வாங்கியதன் பெயர் சுத்தத் தமிழில் புறம்போக்கு!

அன்று மதியம் அண்ணனும் தம்பியும் கடலில் இறங்கியது, அந்த ஆளுநரின் பெயரிலேயே இருக்கும் ஆஸ்வால்ட் வெஸ்ட் பூங்காவில், ஷார்ட் சேண்ட் என்ற சின்ன வளைவில். காரை விட்டுவிட்டு, வானத்தை மறைக்கும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே பலகையைச் சுமந்துகொண்டு முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முன்பு அங்கேயே கூடாரம் போடலாம். 2008-இல் ஒரு பெரிய மரம் முகாம் நடுவே சாய்ந்தது. மற்ற மரங்களையும் நம்ப முடியாது என்று முகாமையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

தண்ணீர் 11 டிகிரி இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் கை விடுவது மாதிரி. ஐந்து மில்லிமீட்டர் வெட்சூட், கையுறை, பூட்ஸ், தலைக்குக் குல்லாய் எல்லாம் போட்டால்தான் ஒரு மணி நேரம் தாங்கும். இந்த வெட்சூட்டை 1950-களின் தொடக்கத்தில் யோசித்தவர் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியல் விஞ்ஞானி. உள்ளே தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை, ரப்பருக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாது என்பதுதான் அவருடைய யோசனை. விஞ்ஞானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் காலை அதே ஈர வெட்சூட்டுக்குள் மறுபடி காலை விடும்போது எந்த விஞ்ஞானமும் உதவாது.

தம்பி அன்று பன்னிரண்டு முறை விழுந்து, மூன்று முறை நின்றான். மூன்றாவது முறை கரை வரை வந்தான். அதைப் பற்றி அடுத்த நாள் முழுவதும் பேசினான்.

மூன்றாம் நாள்: சும்மா இருப்பது

பேச நேரம் நிறைய இருந்தது. காரணம், மூன்றாம் நாள் புயல்.

அண்ணனுக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். நியூபோர்ட்டுக்கு மேற்கே கடலில் 20 நாட்டிகல் மைல் தொலைவில் 46050 என்ற எண்ணுள்ள மிதவை ஒன்று இருக்கிறது. அலையின் உயரம், இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை நொடி என்பதையெல்லாம் அது அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தம்பி உயரத்தை மட்டும் பார்த்தான். அண்ணன் நொடியைப் பார்க்கச் சொன்னான்.

கணக்கு இதுதான். ஆழ்கடலில் 16 நொடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகத்தில் நகரும். நம்ம டவுன் பஸ் வேகம். 2000 கி.மீ. தள்ளி ஒரு புயல் அடித்தால் அதன் அலை கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு நாள். அங்கே காற்று நின்றுபோயிருக்கும், இங்கே வெயில்கூட அடிக்கும், ஆனால் அலை வந்தே தீரும். ஒரே உயரமுள்ள 8 நொடி அலையைவிட 16 நொடி அலை ஆழமாகத் தரையை உணர்ந்து, கரையில் இன்னும் உயரமாக எழுந்து, இன்னும் தூரம் ஏறும். அதுவும் ஒவ்வொன்றாக வராது. கூட்டமாக வரும், பிறகு ஓய்ந்துவிடும், பத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி கூட்டமாக வரும்.

அந்த இரவு கூடாரம் போடவில்லை. நெஹாலம் விரிகுடாப் பூங்காவில் 'யர்ட்' என்று வட்டமான துணிவீடு வாடகைக்குக் கிடைக்கும். மரத்தரை, அடுக்குக் கட்டில், சின்ன ஹீட்டர். வெளியே காற்று கத்தியது. உள்ளே ஈர வெட்சூட் இரண்டும் தூக்கில் தொங்குகிற ஆட்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. மழைக்கு ஒதுக்கமாக வாசல் கூரையடியில் அடுப்பைப் பற்றவைத்து அண்ணன் ரசம் வைத்தான்.

அண்ணன் பழைய புயல் கதைகள் சொன்னான். 1962 அக்டோபர் 12 அன்று அடித்த 'கொலம்பஸ் தினப் புயல்' பற்றி இன்றும் வயதானவர்கள் பேசுவார்கள். 2007 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த புயல் இந்தப் பகுதியை மூன்று நாள் விடாமல் உலுக்கியது. சீசைடுக்குப் பக்கத்தில் 200 அடி உயரத்துக்கு நின்ற, பல நூற்றாண்டு வயதுள்ள ஸ்ப்ரூஸ் ஒன்று அதில்தான் முறிந்தது. அத்தனை நூற்றாண்டுப் புயல்களைப் பார்த்த மரம்.

அதைவிடப் பெரிய கதையும் உண்டு. 101 சாலை நெடுக நீல நிறத்தில் சுனாமி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். 1700 ஜனவரி 26 இரவில், இந்தக் கரைக்கு அப்பால் கடலடியில் ஏறக்குறைய 9 அளவு பூகம்பம். தேதி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? சுனாமி பசிபிக்கைக் கடந்து ஜப்பானில் ஏறியதை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் தம்பி கைக்குழந்தை. வீட்டில் சொல்லிக் கேட்டதுதான். கடல் உள்ளே வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை நம் கரைக்காரர்கள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள், எவ்வளவு விலை கொடுத்து!

"நாளைக்குப் புயல் போயிரும்லா அண்ணே?" என்றான் தம்பி.

"புயல் போயிரும். கடல் போவாது" என்றான் அண்ணன்.

நான்காம் நாள்: அந்த மரக்கட்டை

விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். காற்று இல்லை. ஊர் ஊராக மக்கள் கடற்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் ஆபத்தான நாள் புயல் அடிக்கிற நாள் இல்லை, அதற்கு அடுத்த நாள். புயலில் யாரும் மணலுக்கு வரமாட்டார்கள். வெயில் அடித்தால் எல்லாரும் வருவார்கள்.

கேப் கிவாண்டாவில் 'டோரி' என்ற தட்டையடிப் படகுகளைத் துறைமுகம் எதுவும் இல்லாமல், நேராக மணலிலிருந்து அலைக்குள் தள்ளுவார்கள். திரும்பும்போது அதே வேகத்தில் மணலில் ஏற்றிவிடுவார்கள். நம் ஊர் வள்ளக்காரர்கள் பார்த்தால் "இது நம்ம வேலையில்லா" என்பார்கள். அன்று ஒரு படகும் இறங்கவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இறங்கவில்லை என்றால் அதுவே ஒரு அறிவிப்புப் பலகை.

லிங்கன் சிட்டியைத் தாண்டி ஒரு சிறிய கடற்கரையில் நிறுத்தினார்கள். தம்பி பார்த்தபோது கடல் அடங்கித்தான் இருந்தது.

"அண்ணே, அலை சின்னதாத்தான கெடக்கு? எறங்குவமா?"

"ஏல, இருபது நிமிசம் சும்மா நின்னு பாரு."

பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. கீழே மணலில் பஸ் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை கிடந்தது. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கடல் கரையில் ஒதுக்கும் கட்டைகள் இங்கே சகஜம். அதன்மேல் நாலு வயதுக் குழந்தையை நிற்கவைத்து ஒரு அப்பா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கடல் அவருக்கு முதுகுப்பக்கம். 'கடலுக்கு முதுகு காட்டாதே', 'கட்டைமேல் ஏறாதே' என்று இந்தக் கரையின் பூங்காக்களில் பலகை வைத்திருப்பார்கள். 2020 ஜனவரியில் ஷார்ட் சேண்டுக்கு அருகில் ஃபால்கன் கோவ் என்ற இடத்தில், திடீரென ஏறிய அலை ஒரு தந்தையையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டது. தந்தை மட்டும் பிழைத்தார்.

அண்ணன் கீழே இறங்கிப் போய் அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னான். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "இது பொதுக் கடற்கரை, தெரியுமா?" என்றார். இங்கிலீஷில், நிதானமாக. யார் யாரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதில் வேறு சில விஷயங்களும் இருந்தன. தம்பிக்கு அது மேலே நிற்கும்போதே சுருக்கென்றது. அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. "ஆமாம் சார். அதனால்தான் சொல்கிறேன். குழந்தையை மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள்" என்றான். என்ன நினைத்தாரோ, அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு அடி மேலே வந்தார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கூட்டம் வந்தது. முதல் இரண்டு அலைகள் பாதி மணல் வரை. மூன்றாவது நிற்கவே இல்லை. சத்தமில்லாமல், நுரையாக, பாறைச் சரிவின் அடி வரை ஏறியது. அந்தப் பஸ் நீளக் கட்டை மிதந்து, மெதுவாகக் கால்வட்டம் சுழன்று, தண்ணீர் வடிந்ததும் 'தொம்' என்று வேறு இடத்தில் உட்கார்ந்தது. குழந்தை நின்றிருந்த பக்கம் கீழே போயிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி காருக்குப் போனார். நன்றி சொல்ல வாய் வராத நேரங்களும் உண்டு.

தம்பி அன்று அப்புறம் "எறங்குவமா" என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: மிச்சக் கதை

பெவர்லி பீச் முகாமில் தூங்கி எழுந்து, விடியற்காலையில் ஆட்டர் ராக். மேட்டிலிருந்து நிறையப் படிகள் இறங்கினால் நீளமான, சாய்வு குறைந்த மணல். பழகுபவர்களுக்கு ஏற்ற இடம். அலை பாதியாக இறங்கியிருந்தது. அன்றும் இருபது நிமிடம் நின்று பார்த்தார்கள். இந்த முறை வாட்சைப் பார்த்தது தம்பி. தண்ணீர் வெளியேறும் 'ரிப்' எங்கே என்று அவனே காட்டினான்: இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாக இருக்கும். தெரியாதவர்கள் அங்கேதான் குளிக்க இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இரண்டு மணி நேரம் அலையேறினார்கள். தம்பி எத்தனை முறை நின்றான் என்று எண்ணவில்லை.

ஃப்ளோரன்ஸ் வரை போய்த்தான் திரும்பினார்கள். அந்த ஊருக்கு ஒரு திமிங்கலக் கதை உண்டு. 1970 நவம்பரில் 45 அடித் திமிங்கலம் ஒன்று செத்து ஒதுங்கியது. கடற்கரைகள் அப்போது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. மணல் சாலையானால் திமிங்கலம் சாலைத் தடைதானே! பாறையை வெடிவைத்துத் தகர்ப்பது போல, அரை டன் டைனமைட் வைத்தார்கள். திமிங்கலத் துண்டு பறந்துபோய் ஒரு காரையே நசுக்கியது. முக்கால்வாசித் திமிங்கலம் இருந்த இடத்திலேயே கிடந்தது. 2020-இல் அந்த ஊர் ஒரு பூங்காவுக்கு 'வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா' என்று பெயர் வைத்தது. பொதுச் சொத்தைப் பராமரிப்பதில் இப்படியும் சில செலவுகள் வரும் :-)

திரும்பும் வழியில் தம்பி காமர்ஸ் மாணவனுக்கே உரிய பழக்கத்தில் கணக்குப் போட்டான். ஐந்து நாள். பெட்ரோல், முகாம் கட்டணம், வெட்சூட் வாடகை (ஓரிகனில் விற்பனை வரி கிடையாது, பில்லில் போட்ட விலைதான் விலை). கடலில் இருந்தது மொத்தம் மூன்றரை மணி நேரம். மணலுக்குக் கொடுத்தது பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் 1913 இருக்கிறது, 1967 இருக்கிறது, 1969 இருக்கிறது, அதற்கு முன்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேரின் நடை இருக்கிறது. வழக்காற்றுச் சட்டத்தில் முக்கியமான சொல் 'இடைவிடாமல்'. மக்கள் இடைவிடாமல் போனதால்தான் உரிமை கிடைத்தது. ஆகவே போக வேண்டும். ஆனால் அதே பொதுக் கடற்கரையில், நவம்பரில், கூப்பிட்டால் ஓடிவர ஒரு காவலரும் இல்லை. கேட் இல்லாத இடத்தில் வாட்ச்மேனும் இருக்க மாட்டார். அந்த வேலையை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. இருபது நிமிடம் நின்று பார் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. அண்ணனுக்கு அதைச் சொன்னவர் நியூபோர்ட்டில் பலகை வாடகைக்கு விடும் ஒரு வயதான அம்மா. அவருக்கு யார் சொன்னார்களோ. அதுவும் வழக்காறுதான்.

தம்பி ஊருக்கு வந்ததும் மணப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். கூடப் படிக்கும் நாலு பேர் வருகிறார்களாம். முதலில் இருபது நிமிடம் கரையில் நிற்க வேண்டும் என்று இப்போதே கண்டிஷன் போட்டுவிட்டான். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.